பாட்டை நிறுத்தினால் குளம்

அத்தியாயம் 17

போன வாரம் அசேதா பத்து சேடிக் காசு கொடுத்து ஒரு விசில் வாங்கினாள். அதற்கே நம் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "ஊதும்மா, ஊது" என்று ஒரு கட்சி. "பெற்ற அப்பனை ஊர் முன்னால் அவமானப்படுத்துவாளா? இந்தக் கதையை உடனே நிறுத்துங்கள்" என்று இன்னொரு கட்சி. நிறுத்தச் சொன்னவர்களே, இந்த வாரம் கதையே அதைப் பற்றித்தான். கொஞ்சம் பொறுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. ஏகோ எஸ்ஸல், தேமா துறைமுகத்தில் சுங்க அதிகாரி. இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. மனைவி அராபா, குடிநீர் வாரியத்தில் ரசாயனப் பரிசோதகர். கடைக்குட்டி அசேதா, அப்பா படித்த அதே மலைப் பல்கலைக்கழகத்தில், அதே முதலை விடுதியில், அதே பன்னிரண்டாம் எண் அறையில் இருக்கிறாள். அப்போது அது ஆண்கள் விடுதி, பெண்களுக்கு மேட்டு விடுதி; இப்போது இது எல்லோருக்கும். அப்போது அறைக்கு இரண்டு பேர், இப்போது ஆறு பேர்.

சண்டை எதற்கு? முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஏகோ கட்டிய ஒரு பாட்டுக்கு. வருடாவருடம் விடுதி விழாவில் குளத்தைச் சுற்றி நின்று அதைப் பாடுவார்கள். இந்த வருடம் விசில் ஊதி அதை நிறுத்தப் போவதாக அசேதா சொல்லிவிட்டாள். "உங்க தலைமுறைக்குத் தோல் மெலிசு" என்றார் அப்பா. "உங்க தலைமுறைக்குக் காது கிடையாது" என்றாள் மகள். மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

இன்று சனிக்கிழமை, விழா நாள்.

*

காலை ஏழு மணிக்கே ஏகோ முதலை அச்சடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். பச்சைத் துணி, அதில் மஞ்சள் முதலைகள். பழைய மாணவர்கள் சேர்ந்து அச்சடித்தது. மூன்று பேருக்கும் சேர்த்தே வாங்கியிருந்தார். மகளுக்கு அனுப்பியது வெட்டாமல், தைக்காமல், மடித்தபடி அவள் மெத்தைக்கு அடியில் கிடக்கிறது என்பது அராபா சொல்லி அவருக்குத் தெரியும். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அராபா படுக்கையறையிலிருந்து வந்தாள். அதே துணியில் பாவாடையும் சட்டையும்.

ஏகோவின் கை துணியிலேயே நின்றுவிட்டது. "எங்க கிளம்பிட்ட?"

"விழாவுக்கு."

"நீயா?"

"ஏன், கல்யாணமான முதலைங்க பொண்டாட்டியக் கூட்டிட்டு வரக்கூடாதா?"

"அதுக்கில்ல அராபா. இத்தனை வருஷமா நீ வந்ததே இல்ல. வெயில் வேற. கூட்டம் வேற. உனக்குக் கால் வீங்கும்."

"உங்களுக்கு முழங்கால் வலி. எனக்கு ஒண்ணுமில்ல." அவள் காதணியை மாட்டிக்கொண்டாள். "நீங்க என்ன சொன்னீங்க? 'உன் மகளை நீ கண்டி'ன்னீங்க. அவ என்ன சொன்னா? 'உன் புருஷனை நீ கண்டி'ன்னா. ரெண்டு பேரும் என்னையே கூப்பிடுறீங்க. நான் வந்துதான் ஆகணும்."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ஜொஜோ. ஏகோவின் உயிர் நண்பர், பன்னிரண்டாம் அறையில் அவரோடு தூங்கி எழுந்தவர், இப்போது பழைய மாணவர் சங்கத்தின் தலைவர்.

"சாலே, நண்பா, கிளம்பியாச்சா?" என்று சத்தமாகக் கேட்டார் ஜொஜோ.

"கிளம்பியாச்சு. அராபாவும் வர்றா."



"சிஸ்டர் அராபாவா? எதுக்கு?" என்றார் ஜொஜோ, குரல் இறங்கி. "அவங்க எதுக்கு இந்த வெயில்ல?"

"அதைத்தான் நானும் கேட்டேன்."

இரண்டு ஆண்களுக்கும் ஒரு பெண்ணின் உடல்நலத்தில் ஒரே நாளில் இத்தனை அக்கறை வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அராபாவுக்கும் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே, வறுத்த மீனையும் ஒரு பெரிய பாட்டில் மிளகாய்ச் சட்னியையும் பையில் வைத்தாள். ஆறு பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே.

*

பன்னிரண்டாம் அறை வாசலில் ஏகோ நின்றுவிட்டார். விழாவுக்கு வருடம் தவறாமல் வருகிறார்தான், ஆனால் அறைக்குள் கால் வைத்துப் பல வருடம் ஆகிறது. இரண்டடுக்குக் கட்டில் இரண்டு. தரையில் இரண்டு மெத்தை. ஜன்னல் கம்பி முழுக்கத் துணி. மூலையில் ஒரு அடுப்பு. உள்ளே நடக்க வேண்டுமானால் யாராவது ஒருத்தி எழுந்து கட்டில் மேல் ஏற வேண்டும்.

"இங்க என் மேசை இருந்துச்சே" என்றார்.

அசேதா அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, அவர்கிட்ட சொல்லு. மேசைய எடுத்தாத்தான் ரெண்டு பேர் படுக்க முடியும்."

"அராபா, அவகிட்ட சொல்லு. நான் சும்மா கேட்டேன்."

"நான் என்ன தபால்காரியா?" என்று சீறினாள் அராபா. "எனக்கு அந்த வேலை ஒத்து வராது. நேராப் பேசித் தொலைங்க."

அறைத் தோழிகள் மீனைப் பார்த்துவிட்டு உற்சாகமாகிவிட்டார்கள். பேச்சும் தானாகக் கிளம்பியது. "எனக்கு அந்தப் பாட்டு ஜாலியாத்தான் இருக்கு, விட்டுடு அசேதா" என்றாள் ஒருத்தி. "விசில் எல்லாம் பத்தாது, மாணவர் பேரவையில தீர்மானம் போட்டுத் தடை பண்ணணும்" என்றாள் இன்னொருத்தி. "எதையெல்லாம் தடை பண்ணுவ? அப்புறம் உன் பேச்சையும் எவனாவது தடை பண்ணுவான்" என்றாள் மேல் கட்டில்காரி. மன்சா மட்டும் பேசவில்லை. போன வருடம் குளத்தங்கரையில் நின்று அழுதவள் அவள்தான்.

"நீ சொல்லும்மா" என்றார் ஏகோ அவளிடம், மரியாதையாகவே.

"அங்கிள், பாட்டு பரவாயில்ல. இதைவிட மோசமான பாட்டு வானொலியில வருது, நான் அணைச்சுடுவேன்" என்றாள் மன்சா. "ஆனா முதல் வருஷப் பொண்ணுங்களை வட்டத்துக்கு நடுவுல நிக்க வச்சு, சுத்தி நானூறு ஆம்பளைங்க நின்னு, முகத்தைப் பாத்துப் பாடுறாங்க. எங்க போக முடியும்? நான் நின்னேன். முடியல."



"இதைத்தான் நான் மூணு வாரமாக் கத்துறேன்" என்றாள் அசேதா, கடைசியில் அப்பாவை நேராகப் பார்த்து. "பாடுறது உங்க உரிமை, சரி. நாங்க நகராம நின்னு கேக்கணும்ங்கிறது யாரோட உரிமை? உங்களுக்குக் காலையில முட்டை, மத்தியானம் கோழி, துணி துவைக்க ஆள், எல்லாம் அரசாங்கச் செலவு. நல்லாச் சாப்பிட்டு, கழுவாத தட்டை எங்ககிட்ட நீட்டிட்டீங்க. அதையும் வாங்கிக்கிட்டோம். இப்பப் பாட்டையும் கேளுன்னா?"

"முட்டை குடுத்தாங்கடி. துப்பாக்கியும் காட்டினாங்க." ஏகோவின் குரல் உயர்ந்தது. "அப்ப சிப்பாய்ங்க ஆட்சி. நாங்க அவங்களைக் கிண்டல் பண்ணிப் பாடிட்டிருந்தோம். மூணு ஜீப் வந்துச்சு, இந்த முற்றத்துக்கே. பாட்டை நிறுத்துன்னாங்க. நாங்க நிறுத்தல. பதினோரு பேரை அள்ளிட்டுப் போனாங்க, என்னையும் சேத்து. ஒன்பது நாள். திரும்பி வந்த அன்னிக்குத்தான் குளத்துச் சுவத்துல அந்த விதிய எழுதினோம். பெயின்ட் டப்பாவத் தூக்கி எழுதினவன் நான்."

அந்தச் சுவர் எல்லோருக்கும் தெரியும். வருடாவருடம் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். *பாட்டை நடுவில் நிறுத்துகிறவர் யாராக இருந்தாலும் குளம். அவருடைய அறைக்காரர்களே தூக்கிப் போட வேண்டும்.*

அசேதா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "ஒன்பது நாளா? இதை ஏன் நீங்க சொன்னதே இல்ல?"

"நீ எங்க கேட்ட? 'எங்க காலத்துல'ன்னு நான் வாயத் தொறந்தாலே கண்ண உருட்டுற."

அது உண்மை. அசேதாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் விடவில்லை.

"அப்ப ஜீப்பை எதிர்த்துப் பாடின பாட்டைப் பாடுங்கப்பா. நானும் சேர்ந்து பாடுறேன், தொண்டை கிழிய. இந்தப் பாட்டு யாரை எதிர்த்து? புத்தகம் தூக்கிட்டுப் படிக்க வந்த ஒரு பொண்ணை எதிர்த்து. அவ என்னப்பா பண்ணினா உங்களுக்கு? யாரு அவ?"

"யாருமில்ல. சும்மா ஒரு பேச்சுக்குக் கட்டினது" என்றார் ஏகோ அவசரமாக.

அராபா சட்னி பாட்டில் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். அது திறக்கவே இல்லை. கீழே முற்றத்தில் முரசு கேட்டது.

*

வெயில் நன்றாக ஏறியிருந்தது. முற்றத்தின் நடுவில் குளம். முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் பாசி, ஓரத்தில் வாய் பிளந்த சிமென்ட் முதலை. பிறந்தநாள்காரர்களிலிருந்து தேர்தலில் தோற்றவர்கள் வரை அதில் விழாதவர்கள் இந்த விடுதியில் குறைவு.

ஜொஜோ வழக்கப்படி மூதாதையருக்கென்று தரையில் சாராயம் ஊற்றினார். அதில் கொஞ்சம் அவர் செருப்பிலும் விழுந்தது. அவர் கண் அடிக்கடி அராபா நின்ற பக்கமே போனது.

முதல் வருடப் பெண்களை வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முப்பது பேர் இருப்பார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள்.

ஏகோ ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். இதுதான் அவர் கடைசி முறை. ஓய்வு பெற்றதும் முழங்கால் அறுவை சிகிச்சை, அப்புறம் யாராவது இளையவர் பாடட்டும் என்று அவரே சொல்லியிருந்தார். முப்பத்தெட்டு வருடம் பாடிய பாட்டை, தன் மகளே நிறுத்தும் நாளில் முடிக்கப் போகிறோமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"புத்தகம் சுமந்து மலையேறி வந்தா!" என்று எடுத்தார். நானூறு தொண்டைகள் பிடித்துக்கொண்டன.

*"புருஷனைப் பிடிக்க வலையோட வந்தா!*
*பட்டம் எதுக்கடி மேட்டு விடுதிப் பொண்ணே,*
*பானையைக் கிளறடி, பசிக்குது கண்ணே!"*

அசேதா விசிலை வாயில் வைத்தாள். மூச்சை இழுத்தாள். ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அராபாவின் கை.

"முடியட்டும்டி."

"அம்மா! நீயுமா?"

"முடியட்டும்னு சொல்றேன். நடுவுல நிறுத்தினா உனக்குக் குளம். முடிஞ்சப்புறம் எனக்கு வேலை இருக்கு."

அசேதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவும் அந்தப் பக்கம் போய்விட்டாள் என்றே நினைத்தாள். விசிலைத் துப்பாத குறையாக வாயிலிருந்து எடுத்தாள். பாட்டு கடைசி அடி வரை போய், கைதட்டலில் முடிந்தது. ஏகோ மகள் இருந்த பக்கம் நன்றியோடு பார்த்தார். பார்த்த இடத்தில் அராபா இல்லை. அவள் வட்டத்துக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"குடுங்க" என்று ஒலிபெருக்கிக்கு வலது கையை நீட்டினாள்.

"அராபா... வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"இத்தனை வருஷமா வீட்டுலதான் பேசிட்டிருக்கேன்." வாங்கிக்கொண்டாள். "பெரியவங்களுக்கு வணக்கம், சின்னவங்களுக்கும் வணக்கம். இந்தப் பாட்டுக்கு ஒரு பதில் பாட்டு இருக்கு. அந்த வாரமே மேட்டு விடுதியில உக்காந்து கட்டினது. ஆனா பொம்பளைங்க இந்த முற்றத்துக்குள்ள வந்து பாடக்கூடாதுன்னுட்டாங்க. இப்ப இங்க என் மகளே குடியிருக்கா, அதனால பாடுறேன். அப்புறம், பாட்டுல வர்ற பொண்ணு யாருன்னு கேட்டா ஒருத்தி. நான்தான்."

முற்றம் முழுக்க "ஏஏஏய்!" என்று கத்தியது. அசேதா வாயில் கைவைத்தாள். ஏகோ அந்தச் சிமென்ட் முதலையைப் பார்த்துக்கொண்டு நின்றார், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

தண்ணீரைப் பரிசோதிக்கிறவளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

*"முதலை முதலைன்னு முழங்குற வீரா,*
*மேட்டுக்கு வந்தா ஏன் வேர்க்குது ஜோரா?*
*கடுதாசி ஒண்ணு, கடுதாசி ரெண்டு,*
*கையெழுத்துப் போட்டியே மண்டி போட்டுக்கிட்டு!"*

முதல் வருடப் பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். முரசுக்காரனும் தாளத்தைப் பிடித்துக்கொண்டான். பழைய முதலைகள் தோளில் கிடந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "கடுதாசியா? ஏகோவா?"

*"மூணாங் கடுதாசி முழுக்கக் கண்ணீரு,*
*முடிவுல எழுதின வரி என்ன கூறு..."*

"நிறுத்து!" என்று கத்தினார் ஏகோ. "போதும்! நிறுத்து அராபா!"

முரசு நின்றது. பாட்டும் நின்றது. ஏகோவுக்கே தான் என்ன செய்தோம் என்று புரிய இரண்டு நொடி ஆயிற்று. நானூறு பேரும் ஒன்றாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள்.

"இது வேற!" என்றார் ஏகோ. "இது சொந்த விஷயம். இது அவதூறு. இதையெல்லாம் பொதுவுல பாடுறதுக்கு ஒரு வரைமுறை வேணாமா?"

"அப்பா" என்று கூப்பிட்டாள் அசேதா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வட்டத்துக்குள் வந்திருந்தாள். அவள் முகத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. "தோல் மெலிசா?"

ஏகோ அவளைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்களில் ஒருத்தியும் இப்போது தரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த முற்றத்தில் அவருக்கு முதல் முறையாகத் தெரிந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடிகாரத்தைக் கழற்றினார். தொலைபேசியை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

"பன்னிரண்டாம் அறைக்காரங்க யாரு?"

ஆறு பெண்களும் கை தூக்கினார்கள். மன்சாவின் கை எல்லோருக்கும் முந்தி எழுந்தது.

"தூக்குங்கம்மா. விதிய எழுதினவன் நான்தான்."

தூக்கினார்கள். அசேதா அப்பாவின் வலது காலைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா! அந்த முழங்கால் வலிக்கும் அவருக்கு" என்று மற்றவர்களை அதட்டினாள். வீசவில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். ஏகோ இடுப்பளவு தண்ணீரில் சிமென்ட் முதலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முற்றம் அதிர்ந்தது.

"பாட்டை முடி அராபா" என்றார் தண்ணீரிலிருந்தே. "பாதியில விட்டா உனக்கும் குளம்."

*"'நீ இல்லன்னா நான் அம்மாகிட்டப் போறேன்' -*
*நெசமாவே போனியே, ரெண்டு வாரம் காணேன்!"*

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அடங்கியதும் ஏகோ கையை உயர்த்தினார். "அடுத்த வருஷத்திலேர்ந்து ரெண்டு பாட்டும் பாடுங்க. ஆனா வட்டத்துக்கு நடுவுல யாரையும் புடிச்சு நிக்க வைக்காதீங்க. நிக்கணும்னு தோணுறவங்க நிக்கட்டும்." வட்டம் அப்போதே கலைந்துவிட்டிருந்தது. முதல் வருடப் பெண்கள் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அசேதா அறைக்கு ஓடிப் போய், மெத்தைக்கு அடியிலிருந்த பச்சைத் துணியை எடுத்து வந்தாள். அப்பாவின் தலையைத் துவட்டினாள். மூன்று வாரச் சண்டை அங்கேயே தீர்ந்தது. எனக்கும் நிம்மதி, வாசகர்களுக்கும் நிம்மதி.

ஆனால் பெண் பிள்ளை ஆயிற்றே, ஒரு கேள்வி மிச்சம் வைத்திருந்தாள்.

"ஏம்மா, மூணு கடுதாசிக்கும் நீ பதிலே போடலையா? அந்தக் கோவத்துலதான் இவர் இந்தப் பாட்டைக் கட்டினாரா?"

"போட்டேனே" என்றாள் அராபா. "மூணாவதுக்குப் போட்டேன். சரின்னு எழுதினேன். நாலாம் நாள் இந்தப் பாட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இவர் மூஞ்சியிலேயே முழிக்கல."

ஏகோ தண்ணீரிலிருந்து எழுந்தே விட்டார். "சரின்னு எழுதினியா? எனக்கு எந்தக் கடுதாசியும் வரல அராபா! சத்தியமா வரல!"

"கையிலதானே குடுத்தனுப்பினேன்."

"யார் கையில?"

"உங்க ரூம்காரர் கையில."

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பழைய மாணவர் சங்கத் தலைவர் ஜொஜோ, தோள் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு, கார் சாவியும் கையுமாக வெளிவாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஓடவில்லை. ஆனால் அந்த வயதில் அதற்குப் பெயர் ஓட்டம்தான்.

"பன்னிரண்டாம் அறை!" என்று கத்தினார் ஏகோ.

அசேதா விசிலை வாயில் வைத்து, அன்றைக்கு முதல் முறையாக ஊதினாள்.